எடை குறைத்த பிறகு: ரீகாம்பா, பல்க்கா?

30 கிலோ, 40 கிலோ குறைத்தவர் கண்ணாடி முன் நின்றால் மெலிவும் தொங்கலும் ஒருசேரத் தெரியும். தோளும் கையும் மெலிந்து போயிருக்கும், அடிவயிறு மட்டும் இன்னும் தொங்கும். இன்னும் குறைக்க வேண்டுமா, இல்லை நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்ற வேண்டுமா? ஜிம்மில் கேட்டால் ஒருவர் பல்க் பண்ணச் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் கட் பண்ணச் சொல்வார். இருவரும் உங்கள் இடுப்பை அளந்து பார்த்துச் சொல்லவில்லை.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எடை ஏறக்குறைய அப்படியே இருக்க, உள்ளே கொழுப்பு குறைந்து தசை கூடுவது ரீகாம்ப். செலவாவதைவிடச் சற்று அதிகம் சாப்பிட்டு, எடையைத் தெரிந்தே ஏற்றி, தசையை வளர்ப்பது பல்க். கூடவே சேர்ந்த கொழுப்பைப் பிறகு சாப்பாட்டைக் குறைத்துக் கரைப்பது கட். பெரிய அளவில் எடை குறைத்தவர்களில் பெரும்பாலோருக்கு ரீகாம்ப்தான் முதலில் வர வேண்டும். அதற்கும் முன்னால் இரண்டு மாதம் எடையை ஓரிடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். பல்க் அதற்கு அடுத்தது, சிலருக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

ஏன் உடனே பல்க் கூடாது

கொழுப்பு செல்கள் எங்கும் போய்விடவில்லை. எடை குறையும்போது அவை சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2008-ல் இதைக் காட்டினார்கள். இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டு நிறைய எடை இழந்தவர்களிடமும் செல்களின் எண்ணிக்கை மாறவில்லை. பசியும் அப்படித்தான். பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் இறங்கி, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறி, எடை குறைத்து ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2011-ல் சொன்னது. பசி அதிகம், சேமிக்க இடம் தயார். அந்த நேரத்தில் “இனிமேல் சாப்பிடலாம்” என்று அனுமதியும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944–45-ல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை மாதக்கணக்கில் குறைந்த உணவில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர்களை வேண்டிய அளவு சாப்பிட விட்டபோது, இழந்த தசை முழுதாகத் திரும்பும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. அவர்கள் முதலிலிருந்தே ஒல்லியானவர்கள், எடைப் பயிற்சியும் செய்யவில்லை. உங்கள் நிலைமை முழுக்க அதே அல்ல. ஆனாலும் கடும் டயட் முடிந்த கையோடு வருகிற பசியை நம்பிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு அது போதுமான பாடம்.

இன்னொரு பக்கம், ரீகாம்ப் உங்களுக்கு நன்றாக வேலை செய்யும் நேரமும் இதுதான். நடை, ஓட்டம், உணவுக் கட்டுப்பாடு என்று எடை குறைத்தவர்களில் பலர் ஒழுங்கான எடைப் பயிற்சி செய்ததே இல்லை. பயிற்சிக்குப் புதியவர், உடம்பில் இன்னும் கொஞ்சம் கொழுப்பு மிச்சம் இருப்பவர் ஆகிய இருவகையினருக்கும் அதிகக் கலோரி இல்லாமலே தசை வளரும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடிய இளைஞர்கள் நான்கு வாரம் 40 சதவீதம் குறைவான கலோரியில் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பில்லாத எடையில் 1.2 கிலோ கூடினார்கள். அந்த அளவு பட்டினி உங்களுக்கு வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்பவர்களுக்கு இது பதில், அவ்வளவுதான்.

முதல் எட்டு வாரம்: எடையை நிறுத்துங்கள்

டயட்டை முடித்துவிட்டோம் என்று ஒரே நாளில் பழைய சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். இப்போது சாப்பிடும் அளவோடு தினமும் 100–150 கலோரி சேருங்கள், ஒரு வாரம் பாருங்கள், மறுபடி சேருங்கள். எடை இறங்குவது நின்ற இடம்தான் உங்கள் மெயின்டெனன்ஸ்.

இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டரை இதற்கு நம்ப வேண்டாம். பெரிய எடை குறைத்த உடம்பு, அதே உயரமும் எடையும் கொண்ட இன்னொருவரைவிடக் குறைவாகச் செலவழிக்கலாம், கால்குலேட்டருக்கு அது தெரியாது. கணக்கை நீங்களே போடலாம். தினமும் காலையில், கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுங்கள். ஒரு நாள் எடையை இன்னொரு நாள் எடையோடு ஒப்பிடாதீர்கள், வாரச் சராசரியை வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். தினம் 1,900 கலோரி சாப்பிட்டு, மூன்று வாரமாக வாரத்துக்கு 300 கிராம் இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. 0.3 × 7,700 = 2,310. அதை ஏழால் வகுத்தால் 330. ஆக உங்கள் மெயின்டெனன்ஸ் 2,230-க்குப் பக்கத்தில்.

சாப்பாட்டைக் கூட்டிய முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ ஏறலாம். நிறையப் பேர் பயந்து மறுபடி பட்டினிக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் நிரம்பும்போது ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் சேர்கிறது. குடலில் இருக்கும் உணவின் எடையும் கூடுகிறது. இரண்டாவது வாரமும் மூன்றாவது வாரமும் அதே வேகத்தில் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். பெண்கள் மாதவிலக்குச் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிட வேண்டும். போன மாதம் பத்தாம் நாள், இந்த மாதம் பத்தாம் நாள். அதற்குள் வரும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தண்ணீர்.

டயட்டின்போது மாதவிலக்கு நின்றுபோனவர்கள், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுபவர்கள், எப்போதும் குளிருகிறது என்பவர்கள் ரீகாம்பையும் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு எடை குறைந்த பிறகு பழைய அளவு அதிகமாகிவிடலாம். பயிற்சியும் சேரும்போது சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு, முன்கூட்டியே அளவைத் திருத்தச் சொல்லுங்கள்.

தோலா, கொழுப்பா?

முடிவு எடுப்பதில் பெரிய பிழை நடப்பது இங்கேதான். தொங்கும் தோலைக் கொழுப்பு என்று நினைத்து இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் மிச்சமிருந்த தசையும் போய், தோல் முன்னைவிட அதிகமாகத் தொங்கும்.

இதை விரலாலேயே பார்க்கலாம். நின்றபடி சற்று முன்னால் குனிந்து, தொப்புளுக்கு இரண்டு விரல் பக்கத்தில் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழுங்கள். மடித்த வேட்டித் துணிபோல் மெல்லியதாக, சுருக்கம் சுருக்கமாக, அரை அங்குலத்துக்குள் வந்தால் அதில் பெரும்பகுதி தோல். ஒரு அங்குலத்துக்கு மேல் கனமாக, பிசைந்த மாவுபோல் விரலில் நிறைந்தால் அது கொழுப்பு. பிறகு மல்லாந்து படுத்துப் பாருங்கள். தோல் பக்கவாட்டில் பரவி வயிறு தட்டையாகிவிடும். படுத்த பிறகும் வயிறு மேடாகவே நின்றால் கொழுப்பு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது.

இடுப்பளவை எடுக்கும்போது தொப்புளில் டேப்பைச் சுற்றாதீர்கள், தொங்கும் தோலும் சேர்ந்து அளவைக் கெடுக்கும். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். இயல்பாக மூச்சு விட்ட பிறகு அளவைப் படியுங்கள். ஜிம்மில் இருக்கும் மின்சார எடை இயந்திரம் காட்டும் கொழுப்புச் சதவீதம் குடித்த தண்ணீரைப் பொறுத்துக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக மாறும். கிள்ளி அளக்கும் காலிப்பரும் தளர்ந்த தோலில் பொய் சொல்லும். உடம்பின் கொழுப்பையும் தசையையும் எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வசதி இருந்தால் தொடக்கத்தில் ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று போதும். இல்லாவிட்டாலும் குறையில்லை, டேப் போதும்.

எந்தப் பக்கம் போவது

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் நமக்குச் சரியான வழிகாட்டி அல்ல. 2004-ல் யாஜ்னிக், யுட்கின் என்ற இரு மருத்துவ விஞ்ஞானிகள் தங்கள் இருவரின் படத்தையும் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். புனேக்காரருக்கும் லண்டன்காரருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. லண்டன்காரரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். தெற்காசிய உடம்பு குறைந்த எடையிலும் வயிற்றில் கொழுப்பை வைத்துக்கொள்ளும். அதனால் மேல்நாட்டுப் பயிற்சியாளர் சொல்லும் “இந்த எடைக்கு வந்துவிட்டால் பல்க் தொடங்கு” என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடுப்பு உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் ரீகாம்ப், பேச்சே இல்லை. 172 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 112 கிலோவிலிருந்து 78-க்கு வந்திருக்கிறார், இடுப்பு 91 என்று வைத்துக்கொள்வோம். பாதி உயரம் 86. கை எவ்வளவு ஒல்லியாகத் தெரிந்தாலும் அவர் பல்க் தொடங்கக் கூடாது. இடுப்பு பாதிக்குக் கீழே இருந்தும், எடைப் பயிற்சி தொடங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால், அப்போதும் ரீகாம்ப்தான். சும்மா கிடைக்கிற வளர்ச்சிக்கு ஏன் கொழுப்பை விலையாகக் கொடுக்க வேண்டும்?

இடுப்பு பாதிக்கு நன்றாகக் கீழே, எடை மூன்று மாதமாக இரண்டு சதவீதத்துக்குள் நிற்கிறது, நோட்டில் எழுதிய பயிற்சிக் கணக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறது, புரதமும் தூக்கமும் சரியாக இருந்தும் ஆறு எட்டு வாரமாகத் தூக்கும் எடை நகரவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் பல்க்குக்கு நேரம் வந்துவிட்டது. கூடவே ஐந்தாவதாக ஒன்று, என் பார்வையில் மற்ற நான்கையும்விட முக்கியமானது. மனம் வருந்தினால் சாப்பிட்டுத் தீர்ப்பது, தொடங்கினால் நிறுத்த முடியாமல் போவது இன்னும் உங்களோடு இருந்தால் பல்க் வேண்டாம். ஆறு மாதம் தாமதமானால் தசை கோபித்துக்கொள்ளாது.

எடை குறைக்கும் ஊசியில் இருப்பவர்களுக்கும் இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் பல்க் என்ற பேச்சு மருத்துவர் இல்லாமல் வேண்டாம். அவர்களுக்குப் புரதத்தை உள்ளே தள்ளுவதே பெரிய வேலை. சிறு சிறு அளவாக, தட்டில் முதலில் புரதம், பிறகு மற்றது என்று சாப்பிடுவது நல்ல பழக்கம்.

ரீகாம்ப் செய்வது எப்படி

கலோரி: மெயின்டெனன்ஸ், அல்லது இடுப்பு இன்னும் பெரிதாக இருந்தால் அதற்கு 200 கீழே. அதற்கும் கீழே போனால் அது மறுபடி டயட்தான்.

புரதம்: எடையில் கிலோவுக்கு 1.6-லிருந்து 2.2 கிராம். 78 கிலோ என்றால் 125-லிருந்து 170. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது.

நம் சாப்பாட்டில் இது எப்படி வரும் என்பதை ஒரு நாள் கணக்கில் பாருங்கள். காலையில் மூன்று முட்டை, இரண்டு இட்லி, ஒரு கப் சாம்பார்: சுமார் 27 கிராம். மதியம் 150 கிராம் கோழியோ மீனோ (சமைக்கும் முன் எடை), அளவான சோறு, பொரியல், ஒரு கப் தயிர்: 44. மாலை ஒரு ஸ்கூப் வே புரோட்டீனும் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும்: 32. இரவு இரண்டு சப்பாத்தி, பருப்பு, உலர்ந்த எடையில் 50 கிராம் மீல் மேக்கர்: 39. மொத்தம் 142. சைவம் என்றால் முட்டைக்கும் கோழிக்கும் பதில் பனீர், கெட்டித் தயிர், இன்னொரு ஸ்கூப் வே. மீல் மேக்கர் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, விலையும் குறைவு.

வேர்க்கடலையைப் புரதம் என்று நம்பி ஏமாறுவது நம் ஊரில் அதிகம். 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்டுதான், கூடவே 560 கலோரிக்கு மேல் வரும். நான்கு இட்லியில் சுமார் எட்டு கிராம் புரதம்தான். சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர் அதிகம்.

பயிற்சி: வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், ரோமானியன் டெட்லிஃப்ட், பெஞ்ச் அல்லது டம்பெல் பிரஸ், ரோ, லேட் புல்டவுன், ஷோல்டர் பிரஸ். ஒவ்வொன்றிலும் மூன்று செட், 8-லிருந்து 12 ரெப். ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், இடைவிடாமல் செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப் மட்டுமே முடியும் என்ற நிலை வர வேண்டும். இன்னும் ஆறு ரெப் எளிதாக வரும் என்றால் அந்த எடை தசைக்குச் செய்தி எதுவும் சொல்லவில்லை. மூன்று செட்டிலும் 12 வந்தால் அடுத்த முறை 2.5 கிலோ ஏற்றி எட்டிலிருந்து தொடங்குங்கள். பல ஜிம்களில் மிகச் சிறிய பிளேட்டே 2.5 கிலோ, இரு பக்கமும் போட்டால் ஐந்தாகிவிடும். ஷோல்டர் பிரஸ்ஸில் ஐந்து கிலோ ஒரேயடியாக ஏறாது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 15 ரெப் வரை போய்விட்டு ஏற்றுங்கள்.

தளர்ந்த தோல் இருப்பவர்கள் உள்ளே இறுக்கமான பனியன் போட்டு, அதைக் கால்சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெல்ட் தோலைக் கவ்வும், டெட்லிஃப்ட் குனியும்போது வலி பிடுங்கும். மடிப்புக்குள் வியர்வை தங்கினால் புண்ணாகும், பயிற்சி முடிந்ததும் கழுவித் துடைத்து உலரவிட வேண்டும்.

தினம் பத்து கிலோமீட்டர் ஓடி எடை குறைத்தவர்கள் அதை வாரம் இரண்டு மூன்று நாளாகக் குறைக்கலாம். நடையை மட்டும் விடாதீர்கள். தினம் 7,000, 8,000 அடி தொடரட்டும். நடை நின்று, சாப்பாடு அதே அளவில் நீடித்தால், மெயின்டெனன்ஸ் என்று நினைத்தது மெல்ல அதிகப்படியாகிவிடும்.

பயிற்சிக்குத் துணையாக எடுக்கும் கிரியாட்டின் பொடியைத் தினம் 3–5 கிராம் எடுக்கலாம். தசைக்குள் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ அளவுக்கு எடை கூடும், அது கொழுப்பு அல்ல. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்று உயரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பரிசோதியுங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் (2010) அதே ஆட்கள் அதே குறைந்த கலோரியில் 14 நாள் படுக்கையில் 8.5 மணி நேரம் இருந்தபோது 1.4 கிலோ கொழுப்பு போனது. 5.5 மணி நேரமாகக் குறைத்தபோது போன கொழுப்பு 0.6 கிலோ, மீதியெல்லாம் தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பளவையும் பயிற்சி நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடுப்பு குறைகிறது, தூக்கும் எடை ஏறுகிறது என்றால் எதையும் மாற்றாதீர்கள், எடை இயந்திரம் என்ன சொன்னாலும் சரி. இரண்டுமே குறைந்தால் சாப்பாடு போதவில்லை, 150 கலோரி சேருங்கள். இரண்டுமே ஏறினால் 150 குறையுங்கள். இடுப்பு அப்படியே, தூக்கும் எடை மட்டும் ஏறுகிறது என்றாலும் நல்லதுதான், பொறுங்கள்.

பல்க் என்று முடிவானால்

அதிகப்படி என்பது 200 கலோரி. அதாவது ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும், அல்லது சட்னியோடு ஒரு தோசை. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அல்ல. வேகம் வாரத்துக்கு எடையில் 0.25 சதவீதம். 78 கிலோ உள்ளவருக்கு வாரம் 200 கிராம், 20 வாரத்தில் நான்கு கிலோ. முதல் இரண்டு வார ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தண்ணீர். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் 400 கிராமுக்கு மேல் தொடர்ந்து ஏறினால் பாதி அதிகப்படியைக் குறையுங்கள். வேகமாக ஏறினால் தசையும் வேகமாக வளரும் என்பது இல்லை, மிஞ்சியது கொழுப்பாகத்தான் சேரும்.

தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் இடுப்பளவை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இப்போதைய அளவோடு நான்கு செ.மீ., அல்லது உயரத்தில் பாதி, எது முதலில் வருகிறதோ அது. பெரிய எடையிலிருந்து வந்தவர்களுக்கு இது கட்டாயம். பழைய உடம்பு திரும்புகிறதோ என்ற பயம் மூன்றாவது வாரமே வந்துவிடும். பயந்து கட்டுக்கு ஓடி, பிறகு மனம் கேட்காமல் மறுபடி பல்க்குக்கு வந்து, இப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திசை மாற்றினால் தசையும் வளராது, கொழுப்பும் குறையாது. எழுதிவைத்த எண் வரும்வரை பயத்துக்கு வேலை இல்லை. அந்த எண் வந்த பிறகு “இன்னும் ஒரு மாதம்” என்பதற்கும் இடம் இல்லை.

எண் வந்ததும் நான்கு வாரம் மெயின்டெனன்ஸ். பிறகு ஐந்தாறு வாரம் சிறிய கட், வாரம் 400, 500 கிராம் இறங்கும் வேகத்தில். பயிற்சியின் எடையைக் குறைக்காமல், செட்டுகளை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளலாம். பிறகு மறுபடி மெயின்டெனன்ஸ். தொடர்ந்து இரண்டு பல்க் போடுவதைவிட நடுவில் இந்த இளைப்பாறல் வேண்டும், பசி இங்கேதான் அடங்கும்.

தோலை அறுவை செய்து எடுக்க நினைப்பவர்கள் பல்க்கை அதற்குமுன் வைக்காதீர்கள். எடை மாதக்கணக்கில் நிலையாக நின்றிருக்கிறதா என்று அறுவை மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள். ரீகாம்பில் ஆறு மாதம் இருந்துவிட்டால் அந்த நிபந்தனையும் தானாக நிறைவேறும், தசை கூடிய இடங்களில் தோல் எவ்வளவு நிரம்பியது, எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். அறுவைக்குப் பின் எடை தூக்க அவர் அனுமதித்த நாளிலிருந்து, பழைய எடையில் பாதியில் தொடங்குங்கள்.